தசையில் வலு இருந்தும் அசைவு குலைவது ஏன்? சிறுமூளையும் பயிற்சியும் குறித்த விவாத இழை

கரையோரம் எழுதியது:

என் அண்ணனுக்கு எஸ்சிஏ3 என்னும் பரம்பரை அட்டாக்சியா (அசைவுகளின் ஒத்திசைவு குலையும் நோய்) இருப்பது மரபணுப் பரிசோதனையில் உறுதியாகியிருக்கிறது. நோயின் பெயர் தெரிந்த நாளிலிருந்து நிறையப் படித்துவிட்டேன். ஆனால் அடிப்படையான ஒரு விஷயம் இன்னும் பிடிபடவில்லை. மருத்துவர் கைகால்களின் வலுவைச் சோதித்தபோது, தள்ளச் சொன்னால் தள்ளினார், இழுக்கச் சொன்னால் இழுத்தார், எதிலும் குறையில்லை. அதே கை மேசை மேலிருக்கும் தம்ளரை எடுக்கப் போகும்போது பாதி தூரம் வரை நேராகச் செல்கிறது. தம்ளரை நெருங்க நெருங்க இருபுறமும் அலைகிறது, சில வேளைகளில் தம்ளரைத் தாண்டிப் போய் இடித்துத் தள்ளியும் விடுகிறது. கையை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும்போது நடுக்கம் துளியும் இல்லை.

எனக்கு இரண்டு கேள்விகள். சிறுமூளை அசைவைத் தொடங்கி வைக்கும் உறுப்பு இல்லையென்றால் அது என்னதான் செய்கிறது? இரண்டாவது கேள்விதான் என்னை அதிகம் உறுத்துகிறது. புதிய அசைவுகளைக் கற்றுக்கொள்ளும் உறுப்பே சிறுமூளை என்று எல்லா இடத்திலும் எழுதியிருக்கிறார்கள்; அது பழுதுபட்டவரைத் தினமும் பிசியோதெரபிக்கு வந்து பழகச் சொல்கிறார்கள். கற்கும் உறுப்பே கெட்டுப்போனவருக்குப் பயிற்சி எப்படிப் பலன் தரும்?

நரம்பிழை எழுதியது:

நான் நரம்பியல் மருத்துவர். உங்கள் இரண்டாம் கேள்விக்கு இங்கே என்னைவிடப் பொருத்தமானவர்கள் இருக்கிறார்கள் என்பதால் முதல் கேள்வியை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

நீங்கள் கவனித்ததைத்தான் 1824இல் பிரெஞ்சு ஆய்வாளர் ஃப்ளூரான்ஸ் புறாக்களிடம் கண்டார். சிறுமூளையைப் படிப்படியாக நீக்கிய பிறகும் புறா பார்த்தது, கேட்டது, நகர முயன்றது. பறக்கவோ நிற்கவோ தேவையான ஒத்திசைவு மட்டும் அதற்கு இல்லாமல் போயிற்று. மனிதர்களிடம் இதை மிகக் கவனமாகப் பதிவு செய்தவர் பிரிட்டனைச் சேர்ந்த கார்டன் ஹோம்ஸ். முதல் உலகப் போரில் தலையின் பின்புறம் குண்டுக் காயம்பட்ட வீரர்களை ஆராய்ந்து 1917இல் அவர் எழுதிய கட்டுரையின் விவரணைகளை இன்றும் நாங்கள் நோயாளியின் படுக்கையருகே பயன்படுத்துகிறோம். சிறுமூளையின் இடப்பக்கம் பாதிக்கப்பட்டால் உடலின் இடப்பக்கமே குலையும். பெருமூளையைப் போல இது எதிர்ப்பக்கத்தைத் தாக்குவதில்லை. அதனால் ஒரே மனிதரின் நல்ல கையையும் பழுதுபட்ட கையையும் ஹோம்ஸால் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒப்பிட முடிந்தது. ஒரு நோயாளி அவரிடம் சொன்னதாக 1939இல் அவர் குறிப்பிட்ட செய்தி எனக்கு எந்தப் பாடநூல் விளக்கத்தைவிடவும் தெளிவானது: தன் இடக்கை தானாக வேலை செய்துகொள்கிறது என்றும், பழுதுபட்ட வலக்கையின் ஒவ்வோர் அசைவையும் தான் யோசித்து யோசித்துச் செய்ய வேண்டியிருக்கிறது என்றும் அவர் சொன்னாராம்.

இனி தம்ளருக்கு வருவோம். கையை விரைவாக நீட்டும்போது, நீட்டும் தசை முதலில் சுருங்கிக் கையை உந்துகிறது. பிறகு அதற்கு எதிரான தசை சரியான நொடியில் சுருங்கி அதை நிறுத்துகிறது. இரண்டாவது சுருக்கம், கை இலக்கை அடைந்ததைக் கண்டு எழுவதன்று. கை இன்னும் வழியில் இருக்கும்போதே, இங்கே நிற்க வேண்டியிருக்கும் என்று முன்கூட்டி அனுப்பப்படும் ஆணை. சிறுமூளை பழுதுபட்டால் இந்த நிறுத்தும் ஆணை தாமதமாகிறது. கை இலக்கைத் தாண்டுகிறது. தாண்டியதைத் திருத்தும் அசைவும் தாமதமாகவே நிற்பதால் எதிர்ப்புறம் தாண்டுகிறது. இப்படியே இலக்கின் அருகில் அலைவு பெருகுகிறது. மடியில் ஓய்ந்திருக்கும் கையில் நிறுத்துவதற்கு எதுவுமில்லை, ஆகவே நடுக்கமும் இல்லை. பார்கின்சன் நோயின் வழக்கமான நடுக்கம் இதற்கு நேர்மாறு: ஓய்வில் தெரியும், கையை நீட்டினால் குறையும்.

போகிற போக்கில் ஒன்று. கண்களை மூடி நிற்கச் சொல்லும் ரோம்பர்க் சோதனையைச் சிறுமூளைக்கான சோதனை என்று பலரும் எழுதுகிறார்கள். அது முதன்மையாக, மூட்டுகளும் கால்களும் இருக்கும் நிலையை மூளைக்குத் தெரிவிக்கும் உணர்வுப் பாதைகளைச் சோதிப்பது. சிறுமூளை நோயாளி கண்களைத் திறந்து வைத்திருக்கும்போதும் ஆடுவார்.

பின்னூட்டம் எழுதியது:

நான் மருத்துவத்தைச் சேர்ந்தவனல்லன். இயந்திரங்களின் கட்டுப்பாட்டியல் என் துறை. ஆனால் நரம்பிழை விவரித்த அலைவைப் பார்த்தவுடன் எங்கள் துறையில் எவரும் கேட்கும் முதல் கேள்வி, தகவல் எவ்வளவு தாமதமாக வருகிறது என்பதே.

குளியலறையில் சுடுநீர்க் குழாயைத் திருகிவிட்டு, நீர் சூடாகவில்லையே என்று மேலும் திருகி, திடீரெனக் கொதிநீர் வந்ததும் பதறி மறுபுறம் திருகுபவரை எண்ணிப் பாருங்கள். அவருடைய கையில் வலு இருக்கிறது, தோலில் உணர்ச்சி இருக்கிறது. குழாய்க்கும் தோலுக்கும் இடையிலான தாமதம்தான் அவரை அலைக்கழிக்கிறது. நம் உடலும் இதே சிக்கலில்தான் இருக்கிறது. கண் கண்டதை வைத்துக் கையின் பாதையைத் திருத்தப் பத்தில் ஒரு நொடிக்கும் மேல் ஆகிறது. கை நீட்டும் அசைவு முழுவதுமே அரை நொடியில் முடிந்துவிடக்கூடியது. பின்னூட்டத்தை, அதாவது உணர்வுகள் வழியே திரும்பி வரும் தகவலை, மட்டும் நம்பி வேகமாக இயங்கும் எந்த அமைப்பும் அலையத்தான் செய்யும். அதிலிருந்து தப்ப இரண்டே வழிகள் உள்ளன: மிக மெதுவாக இயங்குவது, அல்லது அனுப்பிய ஆணையின் விளைவு என்னவாக இருக்கும் என்பதை உணர்வுகள் திரும்பி வருவதற்கு முன்பே கணித்து, அந்தக் கணிப்பைக் கொண்டு திருத்துவது. சிறுமூளை செய்வது இரண்டாவதை என்பதே பொறியியல் பின்னணி கொண்டவர்கள் பெரும்பாலும் ஏற்கும் கருத்து. கவாட்டோ, வோல்பர்ட், மியால் ஆகியோர் 1980களிலிருந்து இதை விரிவாக வளர்த்தெடுத்தார்கள்.

இந்தக் கணிப்பை நாம் வேறோர் இடத்திலும் உணர்கிறோம். நம்மை நாமே கிச்சுக்கிச்சு மூட்டிக்கொள்ள முடிவதில்லை. 1998இல் பிளேக்மோர், வோல்பர்ட், ஃப்ரித் மூவரும் மூளை வரைபடக் கருவியில் பார்த்தபோது, ஒருவர் தம்மைத் தாமே தொடும்போது மூளையில் எழும் துலங்கல், பிறர் தொடும்போது எழுவதைவிடக் குறைவாக இருந்தது. தன் கையின் விளைவை முன்கூட்டிச் சொல்லி அதைத் தணிப்பதில் சிறுமூளைக்குப் பங்கு உண்டு என்று அவர்கள் கருதினார்கள்.

கணிப்பவர் பிழையிலிருந்து கற்காவிட்டால் கணிப்பு நாளடைவில் பயனற்றதாகிவிடும். உடல் வளர்கிறது, தசை களைக்கிறது, கையில் சுமை ஏறுகிறது. ஆகவே உங்கள் இரு கேள்விகளும் உண்மையில் ஒரே கேள்விதான்.

வாசகி எழுதியது:

நரம்பறிவியல் முதுநிலை மாணவி. பின்னூட்டம் கடைசியில் சொன்னதற்கு உயிருள்ள சான்று நம் கண்களில் இருக்கிறது. தலையைத் திருப்பும்போது, கண்கள் அதே அளவு எதிர்ப்புறம் திரும்பிப் பார்வையை நிலைநிறுத்துகின்றன. உட்செவியிலிருந்து கண் தசைகளுக்குச் செல்லும் இந்த அனிச்சைச் செயல் ஏறத்தாழ 10 மில்லி நொடியில் தொடங்கிவிடுகிறது; பார்த்துத் திருத்த அங்கே நேரமே கிடையாது. எனவே அதன் அளவு முன்கூட்டியே சரியாக அமைந்திருக்க வேண்டும். பவர் மாறிய புதிய மூக்குக் கண்ணாடியை அணிந்தவுடன் உலகம் லேசாக மிதப்பதுபோல் தோன்றிப் பிறகு தானாகச் சரியாவது, சிறுமூளையின் ஃப்ளாக்குலஸ் என்னும் சிறு பகுதி அந்த அளவைத் திருத்தி எழுதுவதால்தான். இட வலமாகக் காட்டும் பட்டகக் கண்ணாடியைத் தன்னார்வலர்களுக்குப் பல வாரங்கள் அணிவித்து, கண்கள் இதே அனிச்சையை எதிர்த்திசைக்கே திருப்பிக்கொள்ளும் போக்கைக் கோன்ஷோரும் மெல்வில் ஜோன்ஸும் 1976இல் காட்டினார்கள்.

இதைச் செய்யும் கட்டமைப்பு வியப்பூட்டுவது. மனித மூளையில் உள்ள ஏறத்தாழ 8,600 கோடி நரம்பணுக்களில் சுமார் 6,900 கோடி சிறுமூளையில் இருக்கின்றன; மூளையின் பருமனிலோ அது பத்தில் ஒரு பங்குதான். அந்தக் கோடிகளில் பெரும்பாலானவை குருணைச் செல்கள் என்னும் மிகச் சிறிய அணுக்கள். அவற்றின் மெல்லிய இணைநார்கள், விசிறி போல் விரிந்து நிற்கும் பர்கின்ஜி செல்களைக் குறுக்காகக் கடந்து செல்கின்றன. ஒவ்வொரு பர்கின்ஜி செல்லும் இவ்வாறு ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட இணைப்புகளைப் பெறுகிறது. அதே செல்லை மூளைத்தண்டின் ஆலிவ் கரு என்னும் நரம்பணுத் தொகுதியிலிருந்து வரும் ஏறுநார் ஒன்றே ஒன்று கொடிபோல் சுற்றிக்கொள்கிறது. இணைநார்களால் எழும் துடிப்புகள் நொடிக்குப் பல பத்துகள்; ஏறுநாரால் எழும் துடிப்பு நொடிக்கு ஏறத்தாழ ஒன்று.

இவ்வளவு அரிதாகப் பேசும் நார் எதற்கு? 1969இல் டேவிட் மார், 1971இல் ஜேம்ஸ் ஆல்பஸ் இருவரும் கோட்பாட்டு அளவில் தந்த பதில், அது ஆசிரியர் என்பது. பிழை நேர்ந்த கணத்தில் அது துடிக்க, அப்போது செயல்பட்டுக்கொண்டிருந்த இணைநார் இணைப்புகள் மாற்றமடைகின்றன. ஆல்பஸ் அந்த மாற்றம் வலுக்குறைவாக இருக்க வேண்டும் என்றார். 1982இல் மசாவோ இட்டோவின் குழு அத்தகைய வலுக்குறைவைச் சோதனையில் கண்டது. பர்கின்ஜி செல்கள் அடுத்த நிலையத்தை அடக்குபவை என்பதையும் நினைவில் கொள்ள வேண்டும். சிறுமூளைப் புறணியிலிருந்து (மேல் அடுக்கிலிருந்து) வெளியேறும் ஒரே குரல் தடுக்கும் குரலே. அதைக் குறைப்பதும் கூட்டுவதுமே அதன் மொழி.

பின்னூட்டம் எழுதியது:

வாசகியின் விளக்கம் அழகானது; அழகே எனக்குக் கொஞ்சம் ஐயத்தைத் தருகிறது. 2011இல் ஸ்கோன்வில்லும் உடன் ஆய்வாளர்களும், அந்த இணைநார் வலுக்குறைவு நிகழாதபடி மரபணு மாற்றிய எலிகள், கண் அனிச்சைத் தழுவலையும் (அனிச்சையின் அளவைப் புதிய நிலைக்கேற்ப மாற்றிக்கொள்வதையும்) இமை மூடும் பழக்கத்தையும் மற்ற எலிகளைப் போலவே கற்றதாகக் காட்டினார்கள். பாடநூல்களோ இன்னும் அந்த ஒரே இணைப்பில் எல்லாக் கற்றலும் நடப்பதாக வரைந்து காட்டுகின்றன.

வாசகி எழுதியது:

அந்த ஆய்வு கோட்பாட்டின் ஒரு கண்ணியை நெகிழ்த்தியது, கோட்பாட்டைக் கவிழ்த்துவிடவில்லை. மாற்றம் பல இடங்களில் நிகழ்கிறது, ஒன்று தடைபட்டால் மற்றொன்று ஈடுகொடுக்கிறது என்று இன்று கருதுகிறார்கள். முயலின் கண்ணில் காற்றை ஊதுவதற்குச் சற்று முன்பு ஓர் ஒலியை எழுப்பிக்கொண்டே வந்தால், முயல் நாளடைவில் ஒலியைக் கேட்டதும் இமையை மூடக் கற்றுக்கொள்கிறது. மெக்கார்மிக்கும் தாம்சனும் 1984இல், சிறுமூளையின் ஆழத்தில் உள்ள இடைக்கருவைச் சிறிதளவு சிதைத்தாலே அந்தப் பழக்கம் மறைந்துவிடுவதையும், காற்று பட்டால் இமை மூடும் இயல்பான அனிச்சை அப்படியே இருப்பதையும் காட்டினார்கள். கற்றதன் ஒரு பகுதி புறணியில் இல்லாமல் ஆழக் கருக்களில் தங்குகிறது என்ற எண்ணம் இத்தகைய சோதனைகளிலிருந்தே வலுப்பெற்றது.

பழகியகை எழுதியது:

பல ஆண்டுகளாக வயலின் கற்பிக்கிறேன். இங்கே சொல்லப்படுவதெல்லாம் நாங்கள் தசை நினைவு என்று சொல்வதுதானே? விரல்கள் ஒருமுறை கற்றுவிட்டால் சிறுமூளை அதைச் சேமித்து வைத்துக்கொள்கிறது, பிறகு யோசிக்கவே வேண்டியதில்லை. அப்படியானால் கரையோரத்தின் அண்ணன் ஆயிரம் முறை தம்ளரை எடுத்துப் பழகினால் அதுவும் பதியத்தானே வேண்டும்? மனம் தளராமல் பழகச் சொல்லுங்கள் என்பதே என் கருத்து.

வாசகி எழுதியது:

இந்தக் கருத்து மிகப் பரவலானது. அதனாலேயே நோயாளிகளுக்குத் தீங்கானது. ஒரு கலையைக் கற்பதில் பெருமூளைப் புறணிக்கும் அடித்தளக் கருக்களுக்கும் சிறுமூளைக்கும் தனித்தனிப் பங்குகள் உண்டு. சிறுமூளையின் பங்கு எது என்பதைக் காட்டும் சோதனைகளைச் சொல்கிறேன்.

பார்வையை ஒருபுறம் விலக்கிக் காட்டும் பட்டகக் கண்ணாடியை அணிந்து ஒரு பந்தை இலக்கை நோக்கி எறியச் சொன்னால் முதல் சில எறிகள் ஒருபுறமாக விலகிப் போகும். எறிய எறிய இலக்கை நெருங்கும். கண்ணாடியைக் கழற்றியதும் எறி மறுபுறம் விலகும். எறிபவருக்குக் கண்ணாடி இல்லை என்பது நன்றாகத் தெரியும். ஆனால் கை அந்தத் தகவலைப் பொருட்படுத்துவதில்லை. மார்ட்டின், தாக் முதலிய ஆய்வாளர்கள் 1996இல், சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களிடம் இந்தத் தழுவலும் இல்லை, கழற்றிய பின் மறுபுறம் விலகும் பின்விளைவும் இல்லை என்று கண்டார்கள்.

இதைவிட நுட்பமானது 2006இல் மஸோனியும் கிராக்கவரும் செய்தது. திரையில் தெரியும் புள்ளியின் பாதையை 45 பாகை திருப்பிவிட்டு, பங்கேற்பவர்களிடம் தந்திரத்தையும் சொல்லிக் கொடுத்தார்கள்: பக்கத்து இலக்கைக் குறிவையுங்கள், புள்ளி சரியான இடத்தில் போய் நிற்கும். அடுத்த முயற்சியிலேயே எல்லாரும் சரியாக அடித்தார்கள். பிறகுதான் விசித்திரம்: தொடர்ந்து செய்யச் செய்ய அவர்கள் மோசமானார்கள். வெற்றி கிடைத்துக்கொண்டிருக்கும்போதே, குறிவைத்த இடத்துக்கும் புள்ளி போன இடத்துக்கும் உள்ள வேறுபாட்டைப் பிழையாக எடுத்துக்கொண்டு உள்ளே ஏதோ ஒன்று திருத்திக்கொண்டே இருந்தது. 2010இல் டெய்லர், கிளெம்ஃபஸ், ஐவ்ரி ஆகியோர் இதே சோதனையை அட்டாக்சியா உள்ளவர்களிடம் செய்தார்கள். தந்திரத்தைச் சொல்லிக் கொடுத்ததும் அவர்களும் சரியாக அடித்தார்கள். மற்றவர்களைப் போல் வழிதவறவில்லை. நம் விருப்பத்தைக் கேட்காமல் திருத்திக்கொண்டே இருக்கும் அந்த அமைதியான கற்றல் அவர்களிடம் தளர்ந்திருந்தது. யோசித்துக் கற்கும் வழி திறந்தே இருந்தது.

ஆகவே பழகியகை ஐயா, ஆயிரம் முறை என்ற எண்ணிக்கை எதையும் தானாகச் சாதிப்பதில்லை. எந்த வழியாகக் கற்கிறார் என்பதே கேள்வி.

நடைபாதை எழுதியது:

நரம்பியல் நோயாளிகளுக்கான பிசியோதெரபிஸ்ட் நான். வாசகி நிறுத்திய இடத்திலிருந்துதான் எங்கள் வேலை தொடங்குகிறது.

சிறுமூளைப் பழுதுள்ளவர்களை இரட்டைப் பட்டை டிரெட்மில்லில், ஒரு காலுக்கு வேகமும் மற்றொரு காலுக்கு மந்தமுமாக நடக்க வைத்து மார்ட்டனும் பாஸ்டியனும் 2006இல் ஆராய்ந்தார்கள். பட்டை மாறிய உடனே காலை அதற்கேற்ப எதிர்வினையாக மாற்றிக்கொள்வது நோயாளிகளுக்கும் முடிந்தது. அடுத்த அடியை முன்கூட்டியே சரிசெய்துகொள்ளும் தழுவல்தான் குறைந்திருந்தது. அதாவது தடுமாறிய பின் சுதாரிக்கும் திறன் முழுவதும் போய்விடுவதில்லை. எங்கள் பயிற்சி அந்தத் திறனின் மேல்தான் நிற்கிறது.

இன்னொன்று, கை முட்டியும் தோளும் ஒரே நேரத்தில் அசையும்போது ஒரு மூட்டின் அசைவு மற்றொன்றை உலுக்குகிறது. நலமாக உள்ளவரின் மூளை அந்த உலுக்கலை முன்கூட்டிக் கணக்கில் எடுத்துக்கொள்கிறது. சிறுமூளை பழுதானால் அது முடிவதில்லை என்று பாஸ்டியன் குழு 1996இலேயே அளந்து காட்டியது. நோயாளிகள் தாமாகவே முதலில் தோள், பிறகு முட்டி என்று அசைவைத் துண்டாக்கிக் கொள்வதை நீங்கள் பார்த்திருக்கலாம். சிலர் இதைக் குறை என்று எண்ணித் திருத்த முயல்கிறார்கள். அது நோயாளி கண்டுபிடித்த நல்ல தந்திரம். அதைக் கெடுக்க வேண்டாம் என்பதே நான் இளைய சக ஊழியர்களிடம் சொல்வது.

கரையோரத்தின் அண்ணனுக்கு இதன் பொருள் இதுதான். தம்ளரை எடுக்கும்போது முழங்கையை மேசை மேல் ஊன்றட்டும். அசையும் மூட்டு ஒன்று குறைகிறது. கையை மேசைப் பரப்பிலேயே சறுக்கிக்கொண்டு போய்த் தம்ளரின் அடிப்பாகத்தைத் தொட்டுவிட்டுப் பிறகு விரல்களை மேலே கொண்டு வரட்டும். காற்றில் இலக்கைத் தேடும் வேலை இல்லாமல் போகிறது. கனமான அடியுள்ள, பாதி மட்டும் நிரம்பிய, மூடியிட்ட பாத்திரம் நல்லது. நடக்கும்போது பேசச் சொல்ல வேண்டாம். ஹோம்ஸின் நோயாளி சொன்னதுபோல் ஒவ்வோர் அசைவையும் யோசித்துச் செய்பவரிடம் யோசிக்க வேறு வேலையையும் கொடுத்தால் கால் தவறத்தான் செய்யும். மணிக்கட்டில் எடைப் பட்டை கட்டுவதைப் பலர் கேட்கிறார்கள்: சிலருக்கு அலைவு குறைகிறது, சிலருக்குக் களைப்பு மட்டுமே மிஞ்சுகிறது, பட்டையைக் கழற்றியதும் சிறிது நேரம் கூடுதலாகத் தடுமாறுபவர்களும் உண்டு. உடனிருந்து பார்க்காமல் நான் பரிந்துரைக்க மாட்டேன்.

பயிற்சி பலன் தருமா என்றால், தரும். 2009இல் இல்க் என்பவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வில், தேய்மான வகைச் சிறுமூளை நோய் உள்ளவர்கள் நான்கு வாரத் தீவிர ஒத்திசைவுப் பயிற்சிக்குப் பிறகு நடையிலும் சமநிலையிலும் முன்னேறினார்கள். வீட்டில் தொடர்ந்தவர்களிடம் பலன் நீடித்தது. நோய் தன் போக்கில் நகர்ந்துகொண்டே இருக்கும் என்பதால் பயிற்சியை நிறுத்தினால் பெற்றது நழுவும். இதை முதல் நாளே குடும்பத்தாரிடம் சொல்லிவிடுவேன். பின்னால் சொன்னால் ஏமாற்றமாகிவிடுகிறது.

கரையோரம் எழுதியது:

மிக்க நன்றி. முழங்கையை ஊன்றும் முறையை இன்று காலை முயன்றார். பாதித் தம்ளர் சிந்தாமல் வாய்க்கு வந்தது. பயிற்சியின்போது எங்களில் ஒருவர் பக்கத்தில் நின்று, ‘இன்னும் இடப்பக்கம், கொஞ்சம் மேலே’ என்று சொல்லிக்கொண்டே இருக்கிறோம். அது உதவுகிறதா, தொல்லையா?

வெளியே போகும்போது அவர் குடித்திருப்பதாக நினைக்கிறார்கள். இதனால் அவர் வெளியே வருவதையே குறைத்துக்கொண்டுவிட்டார். சில நாட்களாகச் சட்டென்று அழுகிறார், சட்டென்று எரிந்து விழுகிறார். இதுவும் சிறுமூளையா, அல்லது நிலைமையைப் பார்த்து எவருக்கும் வரும் துயரமா?

நடைபாதை எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும். ஒவ்வொரு விலகலையும் அளந்து சொல்வது, எந்த வழி பழுதாகியிருக்கிறதோ அதே வழியில் பாடம் நடத்துவது. தெரியன், வோல்பர்ட், பாஸ்டியன் மூவரும் 2016இல் வெளியிட்ட ஆய்வில், சிறுமூளை பாதிக்கப்பட்டவர்களுக்குப் பிழையின் அளவைக் காட்டாமல் சரி, தவறு என்பதை மட்டும் தெரிவித்து, இலக்கின் எல்லையைச் சிறிது சிறிதாக நகர்த்தியபோது, கற்றது கூடுதலாக நிலைத்தது. அசைவில் சிதறல் மிகுந்தவர்களுக்கு அந்த முறையிலும் கற்றல் மந்தமாகவே இருந்தது என்பதையும் சொல்லிவிட வேண்டும். ஆகவே வீட்டில் வாயைக் குறைத்து, இலக்கை முதலில் பெரிதாக வையுங்கள். தம்ளரை எடுத்துவிட்டார் என்றால் அது வெற்றி. பாதை கோணலாக இருந்ததைப் பேச வேண்டாம்.

நரம்பிழை எழுதியது:

குடித்தவரைப் போல் தோன்றுவது தற்செயல் அன்று. மது உடனடியாகத் தாக்கும் இடங்களில் சிறுமூளையும் ஒன்று. அகன்ற கால்வைப்பு, குழறும் பேச்சு, குதிக்கும் கண்கள் எல்லாம் அங்கிருந்தே வருகின்றன. நெடுநாள் குடியால் சிறுமூளை நடுப்பகுதியின் முன்புறம் தேய்வதால் கைகளைவிடக் கால்களும் நடையும் அதிகம் குலையும். உங்கள் அண்ணனுக்கு அந்தக் காரணம் இல்லை. நோயின் பெயரை எழுதிய ஓர் அட்டையைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்வது சிலருக்குத் துணிவு தருகிறது.

உணர்ச்சி மாற்றத்துக்கு வருகிறேன். 1998இல் ஷ்மாமனும் ஷெர்மனும், சிறுமூளையின் பின்பகுதி பாதிக்கப்பட்டவர்களிடம் திட்டமிடுதல், சொற்களைத் தேடுதல், உணர்ச்சியை அளவோடு வைத்திருத்தல் ஆகியவை குலைவதை ஒரு தனித் தொகுதியாக விவரித்தார்கள். கை தம்ளரைத் தாண்டிப் போவதுபோல் உணர்ச்சியும் அளவைத் தாண்டிப் போகிறது என்பது அவர்களின் பார்வை. எனக்கு அதில் பெரும்பாலும் உடன்பாடு உண்டு. ஆனால் எஸ்சிஏ3இல் சிறுமூளைப் புறணியைவிட ஆழக் கருக்களும் மூளைத்தண்டும் அதிகம் பாதிக்கப்படுவதாலும், மனச்சோர்வு இந்நோயாளிகளிடம் அடிக்கடி காணப்படுவதாலும், காரணம் சிறுமூளைதான் என்று சொல்லிவிட்டு மனச்சோர்வைக் கவனிக்காமல் விடுவதை நான் ஏற்கமாட்டேன். மனச்சோர்வுக்கு மருந்து உண்டு. அட்டாக்சியாவுக்கு இன்று அவ்வளவு இல்லை. 2023இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்ற ஒமாவெலாக்சோலோன் என்னும் மருந்து ஃப்ரீட்ரிக் அட்டாக்சியா என்னும் வேறொரு வகைக்கு மட்டுமே உரியது. அதை உங்கள் அண்ணனுக்கு எவரேனும் விற்க வந்தால் வாங்காதீர்கள். சாப்பிடும்போது இருமல், புரையேறுதல் கூடினால் விழுங்கும் திறனைச் சோதிக்கச் சொல்லுங்கள். இந்நோயில் உயிருக்கு ஆபத்து பெரும்பாலும் அந்த வழியாகத்தான் வருகிறது.

இந்த இழையைப் படிக்கும் மற்றவர்களுக்கு ஒரு சொல். தள்ளாட்டம் எல்லாம் பரம்பரை நோயல்ல. வைட்டமின் பி1, வைட்டமின் ஈ குறைபாடு, தைராய்டு சுரப்புக் குறைவு, ஃபெனிடாயின் அல்லது லித்தியம் மருந்தின் அளவு மிகுதல் போன்றவை சிறுமூளையைப் பாதிக்கும். கண்டுபிடித்தால் சரிசெய்யலாம் அல்லது மேலும் மோசமாகாமல் தடுக்கலாம். திடீரென நிற்க முடியாத அளவு தலைச்சுற்றலும் வாந்தியும் வந்தால், கைகால் வலு நன்றாக இருக்கிறது என்று வீட்டில் இருந்துவிட வேண்டாம். சிறுமூளைப் பக்கவாதம் அப்படியும் வரும், முதல் சிடி ஸ்கேனில் தெரியாமலும் போகும், வீக்கம் கூடினால் சில நாட்களுக்குள் உயிரைப் பறிக்கவும் செய்யும்.

பழகியகை எழுதியது:

சிறுமூளை இல்லாமலே வாழும் ஒரு பெண்ணைப் பற்றிச் செய்தியில் படித்தேன். அப்படியானால் இவ்வளவு பேசுவதற்கு என்ன இருக்கிறது?

வாசகி எழுதியது:

2014இல் வெளியான அந்த மருத்துவ அறிக்கையில் 24 வயதுப் பெண்ணுக்குச் சிறுமூளை உருவாகவே இல்லை என்பது ஸ்கேனில் தெரிந்தது. அவர் துணையின்றி நடந்தது ஏழு வயதில். பேச்சு பிறருக்குப் புரியத் தொடங்கியது ஆறு வயதில். வளர்ந்த பிறகும் நடை நிலையற்றது, பேச்சு குழறலானது. பிறவியிலேயே இல்லாதபோது வளரும் மூளையின் பிற பகுதிகள் ஓரளவு ஈடுகட்டுகின்றன. நாற்பது வயதில் இழப்பவருக்கு அந்த வாய்ப்பு குறைவு. அந்தச் செய்தி, சிறுமூளை தேவையில்லை என்பதற்குச் சான்றாகாது.

நரம்பிழை எழுதியது:

கரையோரம், நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்லலாமா என்று யோசித்துவிட்டே எழுதுகிறேன். எஸ்சிஏ3 பெற்றோரில் ஒருவரிடமிருந்து இறங்குவது. பாதிக்கப்பட்டவரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வரும் வாய்ப்பு 50 விழுக்காடு. 1994இல் கண்டறியப்பட்ட அந்த மரபணுவில் ஒரு சிறு எழுத்துத் தொடர் திரும்பத் திரும்ப வரும் எண்ணிக்கை, நோய் உள்ளவர்களிடம் பெரும்பாலும் 60ஐத் தாண்டியிருக்கும். தலைமுறை கடக்கும்போது அது நீளக்கூடும், நீண்டால் நோய் இளமையிலேயே தொடங்கக்கூடும். அண்ணனின் பிள்ளைகளைப் பற்றி எவரேனும் உங்களிடம் பேசியிருப்பார்கள். உடன்பிறந்தவர் என்ற முறையில் உங்களைப் பற்றியும் பேசினார்களா?

கரையோரம் எழுதியது:

பேசவில்லை. எனக்குத் தெரியும், ஆனால் எழுதவில்லை. ஆலோசனைக்குப் போனால் இரத்தம் எடுத்துவிடுவார்களோ என்ற தயக்கம் இருக்கிறது. அண்ணன் மகளுக்குப் பதினோரு வயது. அவளையும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று உறவினர் சிலர் சொல்கிறார்கள்.

நரம்பிழை எழுதியது:

மரபணு ஆலோசனை வேறு, பரிசோதனை வேறு. ஆலோசகரிடம் எத்தனை முறை வேண்டுமானாலும் பேசலாம்; உங்கள் ஒப்புதல் இன்றி எவரும் பரிசோதிக்கக் கூடாது; பரிசோதித்த பிறகும் முடிவைக் கேட்டுக்கொள்ளாமல் இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. காப்பீடு, வேலை தொடர்பான ஏற்பாடுகளைப் பரிசோதனைக்கு முன்பே யோசித்துக்கொள்வது நல்லது. இதையும் ஆலோசகர் பேசுவார். அறிகுறி எதுவும் இல்லாத குழந்தைகளுக்கு, பெரியவர்களிடம் தொடங்கும் இத்தகைய நோய்களுக்கான பரிசோதனையைச் செய்வதில்லை என்பதே பொதுவான மருத்துவ நெறி. அந்த முடிவை அவள் பெரியவளான பிறகு அவளே எடுக்கட்டும். உறவினர்களிடம் மருத்துவர் மறுத்துவிட்டார் என்று சொல்லிவிடுங்கள். பொறுப்பை என் மேல் போடுவதில் எனக்கு மறுப்பில்லை.